முகம் காட்டாத காவலர்கள்

“இந்த விலங்கு தற்போது பாதுகாக்கப்பட்டு வருகிறது.”

இந்த வாக்கியத்தை நாம் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்போம்! மாணவர்களும் விடைத்தாளில் அப்படியே எழுதுகிறார்கள். நாமும் மதிப்பெண் வழங்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். பக்கத்து வகுப்பில் இருக்கும் தமிழாசிரியரைக் கேட்டால், இது செயப்பாட்டுவினை என்பார். செய்தவர் யார் என்று சொல்லாமலேயே முடிந்துவிடும் வாக்கியம். பாதுகாப்பவர் யார்? காலையில் எழுந்து எங்கே போகிறார்? கையில் என்ன எடுத்துச் செல்கிறார்? மாலையில் எதைக் குறித்து வைக்கிறார்? பாடநூலில் இதற்கெல்லாம் இடம் இருக்காது. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்புக்கு உயிரினப் பாதுகாப்புப் பாடத்தைத் தயாரித்தபோது, ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடினேன். நான் தேர்ந்தெடுத்தது சீனாவின் பாண்டா. மாணவர்களின் பைகளிலும் பென்சில் பெட்டிகளிலும் உட்கார்ந்திருக்கும் விலங்கு அது. பெயர் சொன்னாலே முதல் வகுப்புக் குழந்தைகூடச் சிரிக்கும். ஆனால் அதைக் காத்தவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, ‘அர்ப்பணிப்பு’ என்ற சொல்லுக்கு நான் இதுவரை கொண்டிருந்த பொருள் போதவில்லை என்று தோன்றியது. படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

காப்பாற்றக் கடினமான உயிர்

முதலில் விலங்கைப் பற்றிச் சில செய்திகள். காட்டுப் பாண்டா இன்று சீனாவின் சிச்சுவான், ஷான்சி, கான்சு ஆகிய மூன்று மாகாணங்களின் மலைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. கரடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊனுண்ணிகளுக்கு உரிய குட்டையான குடல் அதற்கு. ஆனால் உண்பதில் ஏறக்குறைய 99 விழுக்காடு மூங்கில். தின்ற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால் நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் தின்றுகொண்டே இருக்கிறது. மூங்கிலைப் பிடித்துக்கொள்ள மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு, ஆறாவது விரல் போல உதவுகிறது. தகவமைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடிய காலம் ஆண்டுக்கு ஒரே முறை வருகிறது. அதுவும் 24 முதல் 72 மணி நேரம்தான். இரட்டைக் குட்டிகள் பிறந்தால் காட்டில் பெரும்பாலும் ஒன்றைத்தான் தாய் வளர்க்கிறது. அந்தக் குட்டி தாயை விட்டுப் பிரிய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகிறது. அதன் பிறகே அடுத்த பிரசவம். ஓர் உயிரை இழந்தால் அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போதாததற்கு மூங்கில் பூக்கிறது. மூங்கிலரிசி தெரிந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரே இனத்து மூங்கில் பரந்த பகுதியில் ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து, மடிந்துபோகும். முன்பு பாண்டாக்கள் வேறு வகை மூங்கில் இருக்கும் அடுத்த மலைக்குப் போய்விடும். இடையிலிருந்த காடு வயலாகவும் சாலையாகவும் மாறிய பிறகு போக வழியில்லை. 1970களின் நடுவில் சிச்சுவானின் மின் மலைத்தொடரில் மூங்கில் பூத்து மடிந்தபோது குறைந்தது 138 பாண்டாக்கள் இறந்து கிடந்தன.

51 படிகள்

அந்தக் காலத்தில் காட்டில் மொத்தம் எத்தனை பாண்டாக்கள் இருக்கின்றன என்றே தெரியாது. 1974இல் சிச்சுவானில் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெயர் ஹூ ஜின்சு. தலைநகரத்து விஞ்ஞானி அல்லர்; நான்சோங் நகரில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். இந்த இதழை வாசிக்கும் பலருக்கும் அதே வயதுதான். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழுவோடு மலையேறினார். கணக்கெடுத்து முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

1978இல் வோலாங் காப்பகத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள்ளேயே ஒரு நோக்கு நிலையத்தை அமைத்தார். நிலையம் என்றால் கூடாரம்தான். கூடாரத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மண்ணில் வெட்டிய படிகள் 51. அதனால் அந்த இடத்துக்கே ‘ஐம்பத்தொன்று கூடாரம்’ என்று பொருள்படும் ‘வூயிபெங்’ என்ற பெயர் அமைந்துவிட்டது. காட்டுப் பாண்டாவை ஆராய்வதற்காக உலகில் ஏற்பட்ட முதல் கள நிலையம் இதுதான். அதன் பெயரில் தலைவர்களும் இல்லை, அறிஞர்களும் இல்லை. தினமும் தண்ணீர் சுமந்தவர்களின் கால்கள் எண்ணிய எண் மட்டுமே இருக்கிறது.

அங்கே இருந்தவர்களுக்குப் பாண்டா அடிக்கடி கண்ணில் படவில்லை. அடர்ந்த மூங்கில், மூடுபனி, பாதி ஆண்டுக்குப் பனிப்பொழிவு. மனித வாடை பட்டாலே விலகிப் போகும் விலங்கு. நாள்கணக்கில் நடந்தும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்புவது வழக்கமாக இருந்தது. அப்படியானால் எதைத்தான் ஆராய்வது?

ஹூ ஜின்சு கீழே பார்த்தார். பாண்டா விட்டுச்செல்லும் எச்சத்தில் செரிக்காத மூங்கில் துண்டுகள் அப்படியே இருக்கும். ஒவ்வொரு பாண்டாவின் கடிக்கும் ஓர் அளவு உண்டு. வயதுக்கு ஏற்ப அந்த அளவு மாறும். துண்டுகளைப் பொறுக்கி, அளந்து, பதிவுசெய்தால் இந்த எச்சமும் அடுத்த மேட்டில் கிடந்த எச்சமும் ஒரே பாண்டாவுடையதா, வேறா என்று சொல்லிவிடலாம். விலங்கைப் பிடிக்காமல், தொடாமல், பார்க்காமலேயே எண்ணும் முறை இது. பின்னாளில் நாடு தழுவிய கணக்கெடுப்புகளுக்கு இதுவே கைகொடுத்தது. இப்போது எச்சத்திலிருந்தே டி.என்.ஏ.வும் எடுக்கிறார்கள்.

எச்சத்தைப் பொறுக்கி அளவுகோல் வைத்து அளப்பதை யாரும் புகைப்படம் எடுத்துச் செய்தித்தாளில் போடுவதில்லை. ஆனால் பாண்டாவைக் காக்கும் வேலை அங்கேதான் தொடங்கியது.

1980இல் உலக இயற்கை நிதியமும் சீன அரசும் சேர்ந்து ஆய்வு தொடங்கின. அமெரிக்க விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் வோலாங்குக்கு வந்து ஹூ ஜின்சு குழுவோடு காட்டில் தங்கினார். 1981இல் காட்டுப் பாண்டாக்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டப்பட்டது. அது எங்கே உறங்குகிறது, எப்போது நடக்கிறது என்பதை இரவும் பகலும் கேட்டுக் குறித்தார்கள். பகலில் மட்டும் அல்ல, இரவிலும் பாண்டா விழித்துத் தின்கிறது என்பது போன்ற அடிப்படைச் செய்திகளே அப்படித்தான் தெரியவந்தன.

“குட்டியை விட்டுட்டுப் போயிடுச்சா, டீச்சர்?”

வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தாய்ப் பாண்டா குட்டியைக் குகையில் விட்டுவிட்டு மூங்கில் தின்னப் போகும் என்றேன். ஒரு மாணவி பதறிப்போய் இந்தக் கேள்வியைக் கேட்டாள். “அப்ப நாம போய்த் தூக்கிட்டு வந்துடலாம்ல?” என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் பெரியவர்களே அப்படித்தான் நினைத்தார்கள்.

குகையில் தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டவர்கள், தாய் கைவிட்டுவிட்டது என்று எண்ணி எடுத்து வந்தார்கள். நல்லெண்ணம்தான். 1983இல் வோலாங் பகுதியில் மூங்கில் பூத்தபோதும் அப்படியே நடந்தது. பாண்டாக்கள் பட்டினி கிடக்கின்றன என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள்கூடக் காசு சேர்த்து அனுப்பினார்கள். காட்டில் பல பாண்டாக்கள் ‘மீட்கப்பட்டு’ கூண்டுக்கு வந்தன. அவற்றில் பல, மீட்கத் தேவையே இல்லாதவை என்று ஷாலர் பின்னர் எழுதினார்.

உண்மையைக் கண்டறிய வேறொரு மலையில் வேறொரு குழு பல ஆண்டு காத்திருந்தது. ஷான்சி மாகாணத்தின் சின்லிங் மலையில் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் பான் வென்ஷி தம் மாணவர்களோடு 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காட்டுப் பாண்டாக்களைப் பின்தொடர்ந்தார். அந்த வேலைக்கு உயிர்விலையும் கொடுக்க நேர்ந்தது. 1985இல் அந்தக் குழுவின் இளம் மாணவர் ஒருவர் மலைச்சரிவிலிருந்து விழுந்து இறந்தார். குழு காட்டை விட்டுப் போகவில்லை.

அந்தக் குழுவில் லூ ஜி என்ற மாணவியும் இருந்தார். ஜியாவ் ஜியாவ் என்று பெயரிடப்பட்ட காட்டுப் பாண்டாவை அவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மெல்ல மெல்ல அந்தத் தாய், தன் குகைக்கு அருகே லூ ஜி வருவதைப் பொறுத்துக்கொள்ளும் நிலை வந்தது. 1992இல் அது ஈன்ற குட்டிக்கு ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் சி வாங் என்ற பெயர் வைத்தார்கள். அருகிலிருந்து பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது. முதல் சில நாள்கள் தாய் தின்னாமல், குடிக்காமல் குட்டியை அணைத்தபடியே கிடக்கிறது. பிறகு பசி தாங்காமல் வெளியே போகிறது. முதலில் சில மணி நேரம்; குட்டி வளர வளர இன்னும் நீண்ட நேரம். சில சமயம் இரண்டு நாள் வரைகூட ஆகும். ஆனால் திரும்பி வந்துவிடுகிறது. தனியாகக் கிடக்கும் குட்டி கைவிடப்பட்ட குட்டி அல்ல.

இந்த ஒரு செய்தி எத்தனையோ குட்டிகளைத் தாயிடமே இருக்கச் செய்தது. ஒன்றும் செய்யாமல் விலகி நிற்பதே சரியான உதவி என்று சொல்வதற்கு அத்தனை ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. என் வகுப்பில் கேள்வி கேட்ட இருவரிடமும் இதைத்தான் சொன்னேன். இரக்கம் வேண்டும், ஆனால் கை நீட்டுவதற்கு முன் கண் பார்த்திருக்க வேண்டும்.

பான் வென்ஷி குழு இன்னொன்றும் செய்தது. அவர்கள் ஆராய்ந்த காட்டிலேயே மரம் வெட்டும் நிறுவனம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் மைய அரசுக்கு எழுதினார்கள். 1990களின் நடுவில் வெட்டு நின்றது. அந்தக் காடு சாங்சிங் காப்பகமாக மாறியது. மரம் வெட்டிப் பிழைத்தவர்களில் பலர் அதே காட்டின் காவலர்கள் ஆனார்கள். 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்த பிறகு, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்குச் சீன அரசு பரவலாகத் தடை விதித்தது. கோடரி பிடித்தவர்கள் நாற்று நடும் மாற்றம் மற்ற மலைகளுக்கும் பரவியது. எந்தச் சரிவில் எந்த மரம், எந்த ஓடை எப்போது வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி.

நூறு கிராம் உயிர்

வாழிடத்திலேயே காப்பது ஒரு வழி. வாழிடத்துக்கு வெளியே வைத்துக் காப்பது இன்னொரு வழி. இரண்டையும் நாம் பாடத்தில் அட்டவணை போட்டு வேறுபடுத்துகிறோம். இரண்டாவது வழிக்குச் செங்டு, வோலாங் ஆகிய இடங்களின் இனப்பெருக்க மையங்களைச் சொல்லலாம். செங்டு மையம் 1987இல் காட்டிலிருந்து மீட்கப்பட்ட ஆறு பாண்டாக்களோடு தொடங்கியது.

பிறந்த பாண்டாக் குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். தாயின் எடையில் 900இல் ஒரு பங்கு. இளஞ்சிவப்பு நிறம், திறக்காத கண், மேலே மெல்லிய வெண்முடி. கறுப்புத் திட்டுகள் தெரியவே ஒரு வாரம் போல ஆகும். தாய் நக்கிக் கொடுத்தால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும். அந்த வேலையைச் செய்யத் தாய் இல்லாவிட்டால், வெறும் பாலைக் கொடுத்து மட்டும் அதைப் பிழைக்கவைக்க முடியாது. தொடக்க ஆண்டுகளில் மையங்களில் பிறந்த குட்டிகள் பல, சில நாள்களிலேயே இறந்ததற்கு இப்படிப் பல காரணங்கள். ஒவ்வோர் இறப்பிலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். ஈரப்பஞ்சால் தடவி, தாய் நக்குவது போலவே குட்டியின் வயிற்றைத் தூண்டினார்கள். தாய்ப்பாலின் கூறுகளை ஆராய்ந்து மாற்றுப்பால் தயாரித்தார்கள்.

மையங்களில் நடக்கும் பிரசவங்களில் ஏறத்தாழப் பாதி இரட்டையர். தாய் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இரண்டையும் பிழைக்கவைக்க ஊழியர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒரு குட்டி தாயிடம், மற்றொன்று இன்குபேட்டரில். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றி வைப்பார்கள். ஒருவர் கிண்ணத்தில் தேன்கலந்த நீரைத் தாய்க்குக் கொடுப்பார். அது குடிக்கும் அந்தச் சிறு இடைவெளியில் இன்னொருவர் குட்டியை எடுத்து மற்றதை வைத்துவிடுவார். நாளுக்குப் பல முறை, வாரக்கணக்கில், நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இது தொடரும். இரண்டு குட்டிகளுக்கும் தாயின் பாலும் சூடும் கிடைக்கும். தாய்க்கு ஒரே குட்டி இருப்பதாகவே தோன்றும். செய்தவர்கள் யார் என்று தாய்க்கும் தெரியாது, குட்டிக்கும் தெரியாது.

பாண்டா உடை அணிந்தவர்கள்

மையத்தில் பிறந்ததைக் காட்டுக்கு அனுப்பினால்தான் பணி நிறைவடையும். வோலாங் மையத்தை நடத்திய ஜாங் ஹெமின், பட்டம் பெற்ற கையோடு 1983இல் அந்த மலைக்கு வந்து அங்கேயே பணிக்காலத்தைக் கழித்தவர். அவருடைய குழு சியாங் சியாங் என்ற ஆண் பாண்டாவுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு பயிற்சி அளித்து, 2006 ஏப்ரலில் காட்டில் விட்டது. மையத்தில் பிறந்து காட்டில் விடப்பட்ட முதல் பாண்டா அதுதான். ஓராண்டு நிறைவதற்குள் 2007 பிப்ரவரியில் பனியில் அதன் உடல் கிடைத்தது. காட்டுப் பாண்டாக்களோடு மோதி, உயரத்திலிருந்து விழுந்து இறந்திருக்கிறது. மனிதர் கையில் வளர்ந்ததற்குக் காட்டில் இடம் பிடிக்கத் தெரியவில்லை.

அவர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை. முறையை மாற்றினார்கள். இனிக் குட்டிக்குப் பாடம் சொல்ல வேண்டியது மனிதர் அல்ல, தாய்தான் என்று முடிவு செய்தார்கள். கருவுற்ற பாண்டாவைக் காடு போன்ற அடைப்பில் விட்டார்கள். 2010இல் அங்கே தாவோ தாவோ பிறந்தது. மரம் ஏறவும் மூங்கில் தேடவும் தாயே அதற்குக் கற்றுக்கொடுத்தது. குட்டியின் எடை பார்க்கவும் உடல்நலம் அறியவும் ஊழியர்கள் உள்ளே போக வேண்டியிருந்தபோது, கறுப்பு வெள்ளைப் பாண்டா உடை அணிந்து போனார்கள். மனித வாடை தெரியாமல் இருக்க அந்த உடையில் பாண்டாவின் சிறுநீரையும் எச்சத்தையும் பூசிக்கொண்டார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து மாணவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டேன்: “ஏன் முகத்தை மறைக்கிறாங்க?” சிறிது நேரம் அமைதி. “மனுசங்கள பாத்துப் பழகிட்டா, பயம் போயிடும் டீச்சர். அப்புறம் வேட்டைக்காரன்கிட்டயும் போயிடும்” என்றாள் ஒருத்தி. சரியான விடை. குட்டி தன்னை அடையாளம் கண்டு ஓடிவர வேண்டும் என்ற ஆசை அதை வளர்ப்பவருக்கு இருக்காதா? இருக்கும். குட்டியின் நலத்துக்காக அந்த ஆசையை உடைக்குள் மறைத்துக்கொள்கிறார்.

2012 அக்டோபரில் தாவோ தாவோ லிசிபிங் காப்பகத்தில் விடப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பரிசோதித்தபோது நல்ல உடல்நலத்தோடு இருந்தது. அதற்கடுத்து விடப்பட்டவற்றில் இறந்தவையும் உண்டு. ஆனால் பிழைத்தவையே மிகுதி.

மலை சரிந்த நாள்

2008 மே 12, பிற்பகல் 2.28 மணி. சிச்சுவானில் பெரும் நிலநடுக்கம். 69,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடிந்த கட்டடங்களில் பள்ளிகளும் ஏராளம். வோலாங் மையம் நடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. இருபுறமும் மலை சரிந்து பாறைகள் அடைப்புகளின் மேல் உருண்டன. சாலைகள் துண்டிக்கப்பட்டன. அப்போது அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட பாண்டாக்கள் இருந்தன. அதிர்வுகள் அடங்கும் முன்பே ஊழியர்கள் குட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்கு ஓடினார்கள். தம் வீட்டார் இருக்கிறார்களா என்ற செய்திகூடக் கிடைக்காத நேரம் அது. காப்பகத்தில் பணியாற்றிய ஐந்து பேர் அந்த நிலநடுக்கத்தில் இறந்தார்கள். மாவோ மாவோ என்ற தாய்ப் பாண்டா, இடிந்த அடைப்பின் அடியில் பல நாள்களுக்குப் பிறகு இறந்த நிலையில் கிடைத்தது.

பாண்டாக்கள் யாஆன் உள்ளிட்ட வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டன. வோலாங் பள்ளத்தாக்கின் மற்றொரு பகுதியில் புதிய மையம் கட்டினார்கள். பணி மீண்டும் தொடர்ந்தது. தாவோ தாவோ பிறந்தது, இந்த அழிவு நடந்து இரண்டே ஆண்டுகளில் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நான்கு முறை நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்து முடிவுகள் வெளியாகியுள்ளன. 1970களின் முதல் கணக்கெடுப்பில் காட்டுப் பாண்டாக்கள் 2,459. 1980களின் இரண்டாவது கணக்கெடுப்பில் 1,114. 1999 முதல் 2003 வரை நடந்த மூன்றாவதில் 1,596. 2011 முதல் 2014 வரை நடந்த நான்காவதில் 1,864. ஒவ்வொரு முறையும் பரப்பும் முறையும் மாறின என்பதால் நேரடியாக ஒப்பிடும்போது கவனம் தேவை. என்றாலும் சரிவு நின்று ஏறுமுகம் தொடங்கியது தெளிவு. 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாண்டாவை ‘அருகிவிட்ட இனம்’ என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, ‘அழிவாய்ப்புள்ள இனம்’ என்ற பட்டியலில் சேர்த்தது. 2021இல் ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாண்டா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

வேலை முடிந்துவிடவில்லை. காட்டுப் பாண்டாக்கள் 33 தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன என்று நான்காம் கணக்கெடுப்பு காட்டியது. அவற்றில் பல மிகச் சிறியவை. அடுத்த கூட்டத்தோடு கலக்க வழி இல்லாத கூட்டம் நாளடைவில் தேய்ந்துபோகும். ஆகவே காடுகளுக்கு இடையே இணைப்புப் பாதைகளை உருவாக்குகிறார்கள். இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டுள்ளது. பாண்டாவுக்காகக் காக்கப்பட்ட அதே காடுகளில் சிறுத்தை, ஓநாய், செந்நாய் ஆகியவை பெருமளவு மறைந்துவிட்டன என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. ஒன்றைக் காத்தால் மற்றவையும் தாமாகப் பிழைக்கும் என்று இருந்துவிட முடியாது. வனக்காவலர்கள் இன்றும் மலைச்சரிவுகளில் நடந்து, கண்ணி வைத்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். கேமராக்களின் மின்கலத்தை மாற்றுகிறார்கள். எச்சத்தைப் பொறுக்கி உறையிலிட்டு எண் எழுதுகிறார்கள்.

வகுப்பறைக்குச் சில செயல்பாடுகள்

ஒன்று: தொடக்கநிலை வகுப்புகளுக்கு. 100 கிராம் எடையை ஒவ்வொரு குழந்தையின் உள்ளங்கையிலும் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ‘ஒரு பாண்டாக் குட்டி இவ்வளவுதான்’ என்று சொன்னதும் கை தானாகக் குவிவதைப் பார்க்கலாம். பள்ளி மைதானத்தில் 51 அடி எண்ணி நடந்து, தண்ணீர்க் குடத்தோடு திரும்பச் சொல்லலாம். எண்ணும் வரும், கதையும் மனத்தில் நிற்கும்.

இரண்டு: நடுநிலை வகுப்புகளுக்கு. நான்கு கணக்கெடுப்பு எண்களையும் கொண்டு வரைபடம் வரையச் சொல்லுங்கள். பிறகு, ‘முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணுக்கு ஏற்பட்ட வீழ்ச்சி முழுவதும் பாண்டாக்கள் இறந்ததால்தானா? எண்ணும் முறை மாறியதால் எவ்வளவு இருக்கலாம்?’ என்று விவாதிக்கலாம். எண்ணைக் கேள்வி கேட்கப் பழகுவதும் அறிவியல்தான்.

மூன்று: எல்லா வகுப்புகளுக்கும். பள்ளி வளாகத்தில் உள்ள அணில், மைனா, எறும்பு வரிசை இவற்றில் ஒன்றை ஒவ்வொரு குழுவும் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். விதி ஒன்றே: தொடக்கூடாது, தீனி போடக்கூடாது, விரட்டக்கூடாது. என் வகுப்பில் முதல் மூன்று நாள் “ஒண்ணும் நடக்கல டீச்சர்” என்றே எழுதினார்கள். ஐந்தாம் நாள் ஒரு குழு, அணில் தினமும் ஒரே கிளை வழியாகத்தான் இறங்குகிறது என்று எழுதிவந்தது. அதுவரை அந்த மரத்தை நானும் அப்படிப் பார்த்ததில்லை.

நான்கு: தமிழாசிரியரோடு இணைந்து. ‘பாண்டா பாதுகாக்கப்பட்டு வருகிறது’ என்ற வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுவாயை மாணவர்களே தேட வேண்டும். எங்கள் வகுப்பில் வந்த சில: ‘தண்ணீர் சுமந்தவர்கள் பாண்டாவைக் காத்தார்கள்.’ ‘மரம் வெட்டியவர்கள் பாண்டாவைக் காக்கிறார்கள்.’ ‘முகத்தை மூடியவர் பாண்டாவைக் காக்கிறார்.’ பாடநூலின் ஒற்றை வாக்கியம் இப்படி இருபது வாக்கியங்களாக விரிந்தது.

ஹூ ஜின்சு 2023இல் மறைந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் அவரை எல்லோரும் பாண்டாவோடு சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள். அவர் வகுப்பெடுத்த கல்லூரியில் அவரிடம் பயின்ற வெய் ஃபூவென், இன்று சீன அறிவியல் கழகத்தின் உறுப்பினர். பாண்டா ஆய்வில் உலகறிந்த பெயர். ஆசிரியர் அளவுகோலால் அளந்த அதே எச்சத்தை, மாணவரின் தலைமுறை மரபணுவால் படிக்கிறது.